முதுகில் விழுந்த வெளிச்சம்

பைக்கில் லைட்டு மங்கலாக எரிகிறது என்று வருகிற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்குப் பல்பு மாற்ற வேண்டிய அவசியமே இருக்காது. சொன்னால் நம்ப மாட்டார்கள். வெள்ளை வெளேரென்று அடிக்கிற மாதிரி புதுசாக ஒன்று மாட்டிவிடுங்கள் என்பார்கள். நான் முதலில் பழைய பனியன் துணியை நனைத்து விளக்குக் கண்ணாடியைத் துடைப்பேன். நம் ஊர்ப் புழுதிக்கு அதிலேயே கால்வாசி வெளிச்சம் கூடிவிடும். அப்புறம் பல்புக்குப் பின்னால் இருக்கிற வெள்ளிக் கிண்ணம் கறுத்திருக்கிறதா என்று பார்ப்பேன். அதற்கும் அப்புறம்தான் வயர். கிளம்புகிற கரண்ட், தேய்ந்த சுவிட்சுக்கும் இற்றுப்போன வயருக்கும் கப்பம் கட்டிக் கட்டி, பல்புக்குப் போய்ச் சேரும்போது பாதிதான் மிச்சம் இருக்கும். குறை எங்கே என்று தெரியாமல் பல்பை மட்டும் பெரிதாக்கினால் ஹோல்டர் உருகி ஒழுகிவிடும்.

எதையும் காரணம் தெரிந்து செய்ய வேண்டும் என்று நினைக்கிறவன் நான். பாண்டிராஜின் வண்டியில் நான் செய்த வேலைக்கும் காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் காலையிலேயே ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்தேன், மேடம். ரைட்டர் எழுதிக்கொள்ளட்டும். நான் வேகமாகப் போனால் நிறுத்தச் சொல்லுங்கள்.

என் பெயர் சுருளி. வயது நாற்பத்திரண்டு. திருப்பரங்குன்றத்தில் பதினெட்டு வருடமாக டூவீலர் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். வீடு கீழக்குயில்குடிக்கு அந்தப் பக்கம். நாகமலைப் புதுக்கோட்டையில் மெயின் ரோட்டை விட்டு இறங்கினால் ஐந்து கிலோமீட்டர். சமணர் மலையைத் தாண்டினால் விளக்குக் கம்பம் கிடையாது. அப்புறம் கண்மாய்க்கரை ரோடு. ஒரு பக்கம் கண்மாய், மறுபக்கம் பள்ளத்தில் வயல்.

என் மனைவி முத்துமீனா காளவாசல் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேபில் இருக்கிறாள். நோயாளிகளுக்கு ரத்தம் எடுப்பது அவள் வேலை. மதிய ஷிப்ட் என்றால் ராத்திரி ஒன்பது மணிக்கு முடியும். ஸ்கூட்டியில் வருவாள். அவளோடு கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை, ஒத்தைப் பிள்ளை. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், பின்னால் தேவைப்படும். எங்களுக்கு ஒரு பெண் குழந்தை, நாலு வயது.

போன வருடம் தை மாதம் ஒரு ராத்திரி, மலை அடிவாரத்தில் இரண்டு பயல்கள் வண்டியை அவள் ஸ்கூட்டிக்குப் பக்கத்திலேயே ஓட்டிவந்து கேலி பேசியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் சொன்னாள். வேலையை விட்டுவிடு என்றேன். முடியாது என்றாள். பாண்டிராஜ் ஞாபகம் அப்போதுதான் வந்தது. எங்கள் ஊர்க் கிழக்குத் தெரு, சோணையம்மாளின் மகன். இருபத்தேழு வயது. அதே ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மிஷின் பார்க்கிறவன். அவனும் ஒன்பது மணிக்குத்தான் கிளம்புவான்.

அவனைக் கூப்பிட்டது நான்தான் என்பதை நான் மறைக்கவில்லை. கடைக்கு வரச்சொல்லிப் பேசினேன்.

"தம்பி, நீயும் அந்நேரந்தான கெளம்புற. மதினியக் கண்ணு மறையாமக் கூட்டியாந்துரு."

"அதுக்கென்னண்ணே. ஆனா என் வண்டி லைட்டு மெழுகுவத்தி மாதிரிண்ணே. மதினி லைட்ட நம்பித்தான் நான் வரணும்" என்று சிரித்தான்.

அவனுடையது கைமாறி வந்த பழைய வண்டி. அந்தக் காலத்து வண்டிகளில் முன்விளக்குக்கு இன்ஜினிலிருந்து நேராகக் கரண்ட் போகும். முறுக்கினால் பிரகாசமாகும், குழியில் இறங்க வேகத்தைக் குறைத்தால் விளக்கும் சேர்ந்து குறையும். எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே இருக்காது. அன்று மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்த ஒரு வண்டியை மட்டும் பார்த்தேன். பேட்டரியிலிருந்து புது வயர் இழுத்தேன், கரண்ட் சுவிட்சுக்குள் போய்த் தேயாமல் நேராகப் பல்புக்குப் போக நடுவில் ரிலே வைத்தேன். கிண்ணத்தை மாற்றினேன். பல்பு மட்டும் கம்பெனி அளவுதான். இருட்டியதும் கடைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, எதிரே வருகிறவன் கண்ணில் குத்தாமல் ரோட்டில் மட்டும் படுகிற மாதிரி இறக்கி வைத்தேன். மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் நடுவான வெளிச்சம், ரோட்டில் பாய் விரித்த மாதிரி விழுந்தது. பதினெட்டு வருடத்தில் நான் செய்த லைட்டுகளில் அதுதான் நல்லது. கூலி வாங்கவில்லை.

அன்றிலிருந்து அவள் முன்னால் வருவாள், அவன் முப்பது நாற்பது அடி பின்னால் வருவான். எங்கள் தெரு முனையில் அவன் நின்றுகொள்வான். அவள் ஸ்கூட்டியை ஏற்றி நிறுத்தி, பூட்டி, வீட்டுக்குள் வருகிறவரைக்கும் வண்டியைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வெளிச்சம் பிடித்துக்கொண்டிருப்பான். அந்த வெளிச்சம் எங்கள் ஜன்னலுக்கு மேலே இருக்கிற துவாரம் வழியாக உள்ளே வந்து சுவரில் விழும். பாப்பா அதைப் பார்த்துக் கை தட்டுவாள். "சித்தப்பா லைட்டு வந்துருச்சு" என்பாள். முதல் ஒரு மாதம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மாசி கடைசியில் ஒருநாள், ஸ்கூட்டி லைட்டும் மங்கலாக இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடுகிறேன் என்று முத்துமீனாவிடம் சொன்னேன். அவள் பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குங்க? பின்னாடி வர்ற லைட்டுலயே ரோடு பூராத் தெரியுது. என் நெழலு எனக்கு முன்னாடி ஓடுது, அதப் பாத்துக்கிட்டே வந்துர்றேன்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டேன். ஐந்து கிலோமீட்டர், பத்துப் பன்னிரண்டு நிமிஷம், வாரத்துக்கு ஆறு நாள் அவள் முதுகில் இன்னொருத்தன் வெளிச்சம் விழுகிறது. அந்த வெளிச்சத்தில் அவள் வழி பார்த்து வருகிறாள். என் வெளிச்சம் வேண்டாம் என்கிறாள். அந்த வெளிச்சமும் நான் செய்ததுதான் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் பார்த்துவிடலாம் என்று போனேன். பாப்பாவைப் பக்கத்து வீட்டு ராமக்காளிடம் விட்டுவிட்டு, கண்மாய்க்கரையில் கருவேல மறைவில் நின்றேன். தூரத்தில் முதலில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அப்புறம் அதற்குள்ளே அவள். என்னைத் தாண்டிப் போனபோது அவள் சுடிதாரின் நீலம், கொண்டையில் குத்தியிருந்த கிளிப், துப்பட்டாவைப் பின்னால் முடிந்திருந்த முடிச்சு எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. கல்யாணம் ஆகி ஏழு வருடத்தில் நான் அவளை அவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. அவன் தினமும் பார்க்கிறான். அவன் வாயைத் திறந்து ஏதோ பாடிக்கொண்டு வந்தான். அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. நான் குறுக்கு வழியில் ஓடி, அவள் ஸ்கூட்டியை ஏற்றிப் பூட்டுவதற்குள் வீட்டுக்கு வந்து, எதுவும் தெரியாதவன் மாதிரி கதவைத் திறந்துவிட்டேன்.

சந்தேகமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. இதை எல்லாரும் தப்பாகத்தான் புரிந்துகொள்வார்கள், அதனால் தெளிவாகச் சொல்கிறேன். அவர்களுக்குள் தப்பாக எதுவும் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். தப்பு ஏதாவது இருந்திருந்தால் நான் சட்டையைப் பிடித்திருக்கலாம். ஊரைக் கூட்டியிருக்கலாம். அவளை அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கலாம். தப்பு இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் யாரிடம் போய் நியாயம் கேட்பது?

முதலில் அவளை மதினி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னை அண்ணே என்கிறவன் என் மனைவியை மதினி என்பதுதான் முறை. சித்திரைத் திருவிழாவுக்கு எல்லாரும் சேர்ந்து அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போனோம். கூட்டத்தில் பாப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு அவன்தான் முன்னால் போனான். திரும்பி வரும்போது "அக்கா, கையப் பிடிங்கக்கா" என்றான். அவளும் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் அக்காதான். நான் மாமாவாகிவிட்டேன், பாப்பாவுக்கு அவன் மாமாவாகிவிட்டான். இதைக் கேட்டு வேறொருத்தனாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். மதினி என்றால் கேலி கிண்டல் இருக்கும், அக்கா என்றால் அதுவும் இல்லை. ஆனால் எனக்கு எப்படிப் பட்டது என்றால், அவன் என் பக்கத்திலிருந்து எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். இனி அவனை அங்கேயிருந்து நகர்த்த முடியாது. புருஷன் இடத்துக்கு வருகிறவனை விரட்டலாம். கூடப் பிறந்தவன் இடம் காலியாகத்தானே கிடந்தது, அதை நான் எப்படி நிரப்புவேன்?

அவள் மாறினாள். வீட்டுக்கு வந்ததும் அவனைப் பற்றித்தான் பேச்சு. இன்றைக்குப் பாண்டி ஒரு பாட்டிக்கு மிஷின் போடும்போது இப்படிச் சொன்னான், அப்படிச் சொன்னான் என்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். நானும் கடையில் நடந்ததைச் சொல்லிப் பார்த்தேன். "ம்" என்று கேட்டுக்கொண்டாள். அவனுக்கு செக்கானூரணியில் தமிழ்வாணி என்று ஒரு பெண்ணைப் பேசி முடித்தார்கள். பூ வைக்கப் போனபோது இவள்தான் தட்டு எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதே, இனி எல்லாம் குறைந்துவிடும் என்று நானும் எனக்குள் சொல்லிக்கொண்டேன். குறையவில்லை. தமிழ்வாணிக்கு எந்தக் கலர் எடுக்கும் என்று இரண்டு நாள் யோசித்தாள். எனக்கு எந்தக் கலர் எடுக்கும் என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆவணியில் பாப்பாவுக்கு அழகர்கோவிலில் மொட்டை எடுத்துக் காது குத்துவதாக இருந்தோம். தாய்மாமன் இல்லாத பிள்ளை, யார் மடியில் உட்கார வைப்பது என்று அவள் குறைப்பட்டுக்கொண்டே இருந்தாள். என் பெரியப்பா வழியில் யாரையாவது உட்கார வைக்கலாம் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். ஆடி மாதம் நடுவில் பத்திரிகை அச்சடித்துக்கொண்டு வந்தாள். என்னைக் கேட்காமலே அச்சுக்குக் கொடுத்திருக்கிறாள். தாய்மாமன் என்று போட்டு அதற்கு நேராக டி. பாண்டிராஜ் என்று இருந்தது. என் பெயருக்குப் போட்டிருந்த எழுத்தும் அவன் பெயருக்குப் போட்டிருந்த எழுத்தும் ஒரே அளவு.

"சொன்னா நீங்க வேணாம்பீங்க. அதான் அடிச்சிட்டே வந்துட்டேன்" என்றாள். "எனக்கும் ஒரு ஆளு இருக்குதுங்க இனிமே."

நான் அந்தப் பத்திரிகையை இரண்டு தடவை படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். மஞ்சள் தடவி முதல் பத்திரிகையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன்.

அடுத்த நாள் காலையில் அவன் கடைக்கு வந்தான். ஹாரன் அடிக்கவில்லையாம். பட்டனில் ஒரு சின்ன வேலை, ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அவன் எதிர்க்கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"மாமா, பாப்பாவுக்குக் கம்மல் எம்புட்டுல எடுக்கலாம்? அக்காவக் கேட்டா நீ ஒண்ணும் செய்ய வேணாங்குது. எனக்குக் கூடப் பொறந்தது இல்ல மாமா. அக்காவுக்கும் இல்ல. அது மனசு கோணாமச் செஞ்சுரணும்."

"நீ பிரியப்பட்டதச் செய்" என்றேன்.

"அந்த லைட்டு இருக்கு பாருங்க மாமா, ஆஸ்பத்திரியில அம்புட்டுப் பேரும் கேக்குறாய்ங்க, எங்க போட்டன்னு."

அவன் டீ கிளாஸைக் கொடுக்க எதிர்க்கடைக்குப் போனான். அங்கே யாரோ தெரிந்தவர்களோடு பேசிக்கொண்டு நின்றான். நான் லைட்டுக் கூட்டைக் கழற்றி, பல்பிலிருந்து வருகிற ஒரு வயரில் இரண்டே இரண்டு இழையை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு டேப் சுற்றினேன். நிறுத்தி வைத்து எரியவிட்டால் நன்றாக எரியும். போட்டுக் காட்டினேன். பட்டப்பகலிலேயே கண் கூசியது. அவன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.

இரண்டு இழை எங்கே அறும் என்று எனக்குத் தெரியும். ரோடு முழுக்க ஓரளவு சமம்தான். கண்மாய்க்கரை வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் மட்டும், குழாய் பதிக்கக் குறுக்கே வெட்டி மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். அதில் வண்டி ஒரு தூக்கு தூக்கிப் போடும். அதைத் தாண்டி நாற்பது அடியில் மடை. மடையை ஒட்டி ரோடு வளையும். மங்கலான லைட்டில் வருகிறவன் முப்பதில் வருவான், லைட்டு போனாலும் காலை ஊன்றி நின்றுவிடுவான். நல்ல லைட்டு கையை முறுக்கச் சொல்லும். அவர்கள் இரண்டு பேரும் அந்தக் கரை ரோட்டில் மட்டும் ஐம்பதில் வரப் பழகியிருந்தார்கள். அப்படிப்பட்ட வெளிச்சத்தில் வருகிறவனுக்கு அது சட்டென்று போனால், கண் இருட்டுக்குப் பழகச் சில விநாடி ஆகும். அதற்குள் அந்த நாற்பது அடி ஓடிவிடும். முன்னால் போகிறவள் வளைவைத் திரும்பியிருப்பாள் என்பதால் அவளுடைய வெளிச்சமும் அவனுக்குக் கிடைக்காது.

இதில் முத்துமீனாவுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது அல்லவா. அதனால் அன்று பதினோரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவள் ஷிப்ட்டுக்குக் கிளம்புவதற்குள் ஸ்கூட்டி விளக்கைச் சுத்தம் செய்து, வயரை மாற்றி, நன்றாக எரிகிற மாதிரி ஆக்கிவைத்தேன். பின்னால் இருக்கிற வெளிச்சம் போனாலும் அவள் தன் வெளிச்சத்தில் பத்திரமாக வந்துவிடலாம். ஹெல்மெட் வாரையும் இறுக்கிவிட்டேன். "என்ன இன்னிக்கு இம்புட்டு அக்கறை?" என்று கேட்டாள்.

முதல் நாள் எதுவும் நடக்கவில்லை. சுவரில் வெளிச்சம் விழுந்தது. பாப்பா கை தட்டினாள். ஸ்கூட்டி லைட்டு எப்படி இருந்தது என்று கேட்டேன். "எப்பவும் போலத்தான் இருந்துச்சு, ஏன்?" என்றாள். அவளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அவனுடைய வெளிச்சத்துக்குள்ளே என்னுடையது எங்கே தெரியப் போகிறது. மறுநாள் காலையில் அவனைக் கூப்பிட்டு வயரைச் சரிசெய்துவிடலாமா என்று ஒரு எண்ணம் இருந்தது, உண்மை. அவள் அப்படிச் சொன்னதும் அந்த எண்ணம் போய்விட்டது.

இரண்டாம் நாள் ஒன்பதே முக்காலுக்கு ஸ்கூட்டி சத்தம் மட்டும் கேட்டது. சுவரில் எதுவும் விழவில்லை.

"மாமா லைட்டு வரல" என்றாள் பாப்பா.

முத்துமீனா வாசலிலேயே நின்று திரும்பிப் பார்த்தாள். "வளைவு வரைக்கும் வந்துக்கிட்டுத்தான் இருந்தான். தமிழ்வாணி போன் பண்ணிருக்கும், கரையில நின்னுட்டான் போல. அப்படித்தான் ரெண்டு மூணு தடவ நின்னுட்டான்" என்றாள். போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. "நான் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றாள்.

"கல்யாணம் ஆகப்போற பய. பேசிக்கிட்டிருக்கும்போது நீ போயி லைட்டு அடிச்சா நல்லாவா இருக்கும்? கை காலக் கழுவிட்டு வா. தோசை ஊத்துறேன்" என்றேன்.

நான் சமைக்கிறவன் இல்லை. அன்று ஊற்றினேன். அவள் இரண்டு சாப்பிட்டாள். நடுவில் இன்னும் இரண்டு தடவை போன் போட்டாள். மூன்றாவது தோசையைத் தட்டில் வைத்தபோது எழுந்துவிட்டாள். "மனசு சரியில்லங்க, வாங்க." மணி பத்தே கால். பாப்பாவை ராமக்காள் வீட்டில் விட்டுவிட்டு என் வண்டியில் போனோம்.

அவன் வண்டி கரை மேலேயே சாய்ந்து கிடந்தது. அவனைக் கீழே, மடைக் கல்லுக்குப் பக்கத்தில் பார்த்தோம். அவள் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சறுக்கி இறங்கினாள். "உசுரு இருக்குங்க, நூத்தி எட்டுக்குப் போடுங்க" என்று கத்தினாள். போட்டேன். இடத்தைச் சரியாகச் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை. அப்புறம் அவன் வண்டியிடம் போனேன். சாவி போட்டபடியே இருந்தது. லைட்டுக் கண்ணாடியில் விரிசல், பல்பு முழுசாக இருந்தது. கூட்டை நெம்பி, அறுந்த வயரை இருட்டிலேயே தடவிப் பிடித்து முறுக்கினேன். பதினெட்டு வருடப் பழக்கம், கண் தேவையில்லை. லைட்டு எரிந்தது. வண்டி சாய்ந்திருந்ததால் வெளிச்சம் கரைக்குக் கீழே விழுந்தது.

அவள் சகதியில் உட்கார்ந்திருந்தாள். அவன் தலை அவள் மடியில் இருந்தது. துப்பட்டாவால் அவன் காதுக்கு மேலே அழுத்திப் பிடித்திருந்தாள். அவள் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். எனக்கு ஏதாவது ஆனால் அவள் முகம் அப்படி இருக்குமா என்று யோசித்தேன். ஆம்புலன்ஸ் வருகிறவரைக்கும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, லைட்டு போச்சுக்கா" என்றான் அவன்.

"எரியுதுடா தம்பி, இந்தா எரியுது பாரு" என்றாள்.

"இல்லக்கா. போச்சு."

பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இறந்துவிட்டான். இன்னும் அரைமணி நேரம் முன்னால் கிடைத்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் அவளிடம்தான் சொன்னார். உங்கள் ஸ்டேஷனிலிருந்து வந்த ஏட்டையா வண்டியைப் பார்த்தார். லைட்டு எரிந்த நிலையில் இருந்தது, அதிவேகத்தில் வந்து கட்டுப்பாட்டை இழந்தான் என்று எழுதினார். அவர் மேல் தப்பு இல்லை. எரிகிற லைட்டை யார் கழற்றிப் பார்ப்பார்கள். அவன் போனையும் பார்த்தார்கள். அவள் பெயர் அதில் மீனாக்கா என்று இருந்தது. பேசியதெல்லாம் ஷிப்ட் நேரம்தான். இதைச் சொல்லும்போது ஏட்டையா என்னைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். நான் சங்கடப்படுவேன் என்று நினைத்தார் போலிருக்கிறது.

எட்டு மாதம் ஆகிறது. காது குத்து நின்றுபோனது. வேலைக்குப் போவதை அவள் விட்டுவிட்டாள். நான் முன்பு விடச் சொன்னபோது விடவில்லை. இப்போது பொழுது சாய்வதற்குள் வீட்டில்தான் இருக்கிறாள். நான் நினைத்தது நடந்துவிட்டது என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். கடையிலிருந்து ஏழு மணிக்கே வந்துவிடுவேன். பக்கத்தில் உட்காருவேன். அவள் நினைப்பு அங்கே இருக்காது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சோணையம்மாள் வீட்டுக்குப் போய்விடுகிறாள். அந்தம்மாவுக்குத் தலை சீவிவிட்டு, சோறு பொங்கி வைத்துவிட்டு, அவன் போட்டோவுக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஒருநாள் கூட்டிவரப் போனேன். என்னைப் பார்த்து யார் என்று தெரியாத மாதிரி விழித்தாள்.

ராத்திரி தூங்குவதில்லை. கண்ணைத் திறந்தபடியே கிடப்பாள். சில நாள் என்னிடம் கேட்பாள். "லைட்டு போச்சுன்னு ஏங்க சொன்னான்? எரிஞ்சுக்கிட்டுத்தான இருந்துச்சு." தலையில் அடிபட்டால் கண் இருட்டிக்கொண்டு வரும் என்பேன். "நான் ரெண்டு தோசை தின்னேங்க. அவன் அங்க கெடக்கான், நான் இங்க உக்காந்து தின்னேன்" என்பாள். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாடு கிடையாது அவளுக்கு. உன் மேல் தப்பு இல்லை என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். அவள் கேட்கிற அந்தக் கேள்வியும் அந்தப் புலம்பலும்தான் எங்களுக்குள் மிச்சம் இருந்த பேச்சு. அதற்காகவே நானும் விழித்துக் கிடந்தேன்.

போன செவ்வாய்க்கிழமையிலிருந்து அதையும் கேட்பதில்லை. மூன்று ராத்திரி பார்த்தேன். நானாகவே, "என்ன, இன்னிக்கு ஒண்ணும் கேக்கலையா?" என்றேன். "அவனோட பேசிக்கிட்டிருக்கேன், தூங்குங்க" என்றாள்.

உயிரோடு இருந்தபோது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நிமிஷம்தான் மேடம் அவனுக்கு. இப்போது ராத்திரி பூராவும் அவன்தான்.

அதனால் வந்தேன். வயரை அறுத்துவைத்தது நான், சுருளி. அவன் விழுவான் என்று தெரிந்து செய்தேன். விழுந்திருப்பான் என்று தெரிந்துதான் தோசை ஊற்றினேன். அந்த வண்டி இன்னும் உங்கள் ஸ்டேஷனுக்குப் பின்னால்தான் நிற்கிறது, வரும்போது பார்த்தேன். லைட்டுக் கூட்டைக் கழற்றினால் நான் முறுக்கின முடிச்சு அப்படியே இருக்கும். யாரும் என்னை அடித்துச் சொல்ல வைக்கவில்லை. நாளைக்கு ஜட்ஜுக்கு முன்னாலும் இதையேதான் சொல்வேன்.

ஏன் இப்போது என்று கேட்டீர்கள். அவள் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அந்தப் பாரத்தை இறக்கிவைக்கத்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். அது பொய் இல்லை. நீங்கள் அவளை வரவழைத்து நான் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் படித்துக் காட்ட வேண்டும். அது ஒன்றுதான் நான் கேட்கிறது. கேட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போகட்டும். இன்றைக்கு ராத்திரியிலிருந்து அவள் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தால், என்னை நினைத்துத்தான் கிடப்பாள்.